நல்லகாமன் சார் போட்ட வாய்க்கால்

நல்லகாமன் சார் வேதியியல் நடத்தினால் தூக்கம் வரும். இது குறை சொல்வது இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த யாரைக் கேட்டாலும் கொட்டாவியோடு ஒப்புக்கொள்வார்கள். புத்தகத்தில் உள்ளதைச் சொல்வார், கரும்பலகையில் எழுதுவார், "எழுதிக்கோ" என்பார். "புரியல சார், ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் சாக்பீஸும் கையுமாகக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "உதாரணமெல்லாம் இல்லப்பா. திரும்பப் படி, புரியும்" என்பார். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் வரும் பீரியட் என்றால் முதல் பெஞ்சுக்காரனே சாய்ந்துவிடுவான்.

ஆனால் முதல் பிளஸ் டூ செட்டில் படித்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் பார்த்த நல்லகாமன் சார் வேறு ஆள். உதாரணம் சொல்லிச் சொல்லியே வயிற்றைப் புண்ணாக்கியவர். வினையூக்கியா? கல்யாணத் தரகர். ரெண்டு பேரைச் சேர்த்து வைப்பார், தான் மட்டும் போட்ட சட்டை கசங்காமல் வெளியே வந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். மந்த வாயுக்களா? ரைஸ்மில் முதலாளிமார். யாரோடும் ஒட்ட மாட்டார்கள், அவர்களுக்கு எதுவும் தேவையில்லை. அணு அமைப்பா? நடுவில் மீனாட்சியம்மன் கோயில்தான் உட்கரு. சுற்றிலும் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. சாமி புறப்பாடு மாதிரி எலக்ட்ரான் வீதி தவறாமல் சுற்றி வரும். பத்தாம் வகுப்புப் பையன்கள் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் அப்பன் ஆத்தாளுக்கே அணு அமைப்பு நடத்தினார்கள்.

சார் வாடிப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். அப்பா கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் வெங்காயமும் போட்டவர். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நல்லகாமன். மதுரையில் விடுதிச் சாம்பாரைக் குடித்து பி.எஸ்ஸி. முடித்து, பி.எட். படித்து, பிறந்த ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்திலேயே வேலையும் வாங்கிவிட்டார். பத்தாம் வகுப்புவரை நடத்திக்கொண்டு, பங்குனியில் சாமி கும்பிட்டுக்கொண்டு, அப்படியே ரிட்டயர்ட் ஆகிவிடலாம் என்றுதான் இருந்தார்.

எழுபத்தெட்டில் பிளஸ் டூ வந்தது. பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் 'உயர்நிலை' அழிந்து 'மேல்நிலை' ஆனது. பெயிண்ட் காய்வதற்குள் புதுப் புத்தகம் வந்தது. எம்.எஸ்ஸி. படித்த வாத்தியார் மட்டும் வரவில்லை.

"நல்லகாமன், கெமிஸ்ட்ரி நீங்கதான் எடுக்கணும். வேற ஆள் இல்லே" என்றார் தலைமையாசிரியர் ஹாலாஸ்யம். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சொன்னால் அது முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் வாத்தியார்மாருக்கு நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்தில், கோடைப் பயிற்சி வைத்தார்கள். சார் போனார். அங்கே முதல் நாளே ஒரு பேராசிரியர் வந்து சாருடைய வீதிகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார். எலக்ட்ரானுக்குப் பாதையே கிடையாதாம். இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம். எங்கே இருக்க வாய்ப்பு அதிகமோ அந்த இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பேராம். மேகம் மாதிரியாம். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் நான்கு குவாண்டம் எண்கள் உண்டாம். ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரானுக்கு நான்கும் ஒன்றாக இருக்கவே இருக்காதாம். சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே பொண்டாட்டி சின்னத்தாயிடம் புலம்பினார்.

"நாலு நம்பர் இருந்தா எந்த எலக்ட்ரானையும் இன்னதுதான்னு சொல்லிரலாமாம். இதை அந்தப் பயலுகளுக்கு எப்படிச் சொல்ல?"

"நாலு நம்பரா? வெலாசம் மாதிரியா?" என்றாள் சின்னத்தாய், மோரை ஊற்றிக்கொண்டே.

சார் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, "ஏத்தா, நீ வாத்தியாரா போயிருக்கணும்" என்றார். ஊர், தெரு, வீடு, ஆள். நான்கும் வந்துவிட்டது. அன்றைக்குக் காய்ச்சலும் விட்டுவிட்டது.

அந்தப் பாடம் பள்ளிக்கூடத்துச் சரித்திரத்திலேயே பெரிய பாடம். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கரும்பலகை முழுவதும் ஓர் ஊரை வரைந்தார்.

"மொதக் குவாண்டம் எண், எந்த ஊரு. ரெண்டாவது, எந்தத் தெரு. மூணாவது, எந்த வீடு. ஒரு வீட்டுல ரெண்டு எலக்ட்ரானுக்கு மேல தங்கக் கூடாது. நாலாவது எண், உள்ள இருக்கிற ஆளு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்குன்னு சொல்லும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கவே கூடாது."

"சண்டை போட்ட புருசன் பொண்டாட்டியா சார்?" என்றான் பின் பெஞ்சு பால்பாண்டி. அவன் சோழவந்தான் ரோட்டு டீக்கடைக்காரர் மகன். வாய் மட்டும் பரீட்சை எழுதினால் மாநிலத்திலேயே முதலாக வருவான்.

"உங்க வீட்டுல எப்படியோ, அணுவுல அப்படித்தாண்டா" என்றார் சார். வகுப்பு குலுங்கியது.

சாருக்குக் குஷி ஏறிவிட்டது. நடுவில் கோயில் போட்டார். கோயிலை ஒட்டி எஸ் தெரு, அதில் ஒரே வீடு. அடுத்து பி தெரு, மூன்று வீடு. அதற்கடுத்து டி தெரு, ஐந்து வீடு. "எஃப் தெருவுல ஏழு வீடு" என்று சொல்லிக்கொண்டே போன கை, டி தெருவைத் தாண்டியதும் நெளிநெளியாக ஒரு கோடு இழுத்தது. இழுத்துவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு வீட்டைப் போட்டது.

அது வாய்க்கால். புத்தகத்தில் வாய்க்கால் கிடையாது. பேராசிரியரும் வாய்க்கால் போடவில்லை. சார் பிறந்த ஊரில் வாய்க்கால் உண்டு. அதற்கு அந்தப் பக்கம்தான் காலனி. ஊர் என்று ஒன்றை வரைந்தால் அவர் கைக்கு அப்படித்தான் வரையத் தெரியும்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து கண்ணுச்சாமி எழுந்தான். ஒல்லியான பையன். படிப்பில் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. கேள்வி கேட்கும் வியாதி மட்டும் உண்டு.

"சார், ஒரு தெருவுல இருக்கிற எலக்ட்ரான் வேற தெருவுக்குப் போக முடியுமா?"

"முடியாதுப்பா. அதது அதது எடத்துலதான் இருக்கணும்" என்றார் சார், திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏழாவது வீட்டுக்குக் கூரை போட்டபடி.

"சார்!" என்றான் பால்பாண்டி. "எஃப் தெருவுக்கு டவுன் பஸ் போகுமா, இல்ல வாய்க்கால்ல எறங்கித்தான் நடக்கணுமா?"

வகுப்பே வெடித்தது. சாரும் சிரித்தார். வேண்டுமென்று சிரிக்கவில்லை, நல்ல ஜோக்குக்கு வருகிற சிரிப்பு தானாக வந்துவிட்டது. பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணுச்சாமி நின்றபடியே இருந்தான். அவன் வீடு பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே, பெரியாறு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். மெதுவாக உட்கார்ந்தான். சார் அதைக் கவனிக்கவில்லை. மணி அடித்ததும் வெற்றி பெற்றவர் போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து கண்ணுச்சாமிக்குப் பெயர் எஃப். "எஃப் வந்துருச்சா?" "எஃப், தள்ளி உக்காரு." ஆய்வுக்கூடத்துச் சுவரில் தனிம அட்டவணை தொங்கியது. அதில் எஃப் தனிமங்களின் இரண்டு வரிசை மட்டும் ஊரோடு ஒட்டாமல் அடியில் தனியாகக் கிடக்கும். அங்கே யாரோ சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, 'கண்ணுச்சாமி வீடு' என்று எழுதினார்கள். யாரோ என்ன யாரோ, பால்பாண்டியின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், பார்த்தாலே தெரியும். தண்ணீர்ப் பானைப் பக்கம் கண்ணுச்சாமி போனால் ஒருத்தன் டம்ளரை எடுத்து ஒளித்துவைத்தான். விளையாட்டு என்றார்கள்.

கார்த்திகைக்குப் பிறகு கண்ணுச்சாமி வரவில்லை. சார் முதலில் காய்ச்சல் என்று நினைத்தார். அப்புறம் அறுப்பு வேலை என்று நினைத்தார். அப்புறம் நினைக்கவே இல்லை. தை பிறந்ததும் ஹாலாஸ்யம் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ணுச்சாமின்னு ஒருத்தன். ஹால் டிக்கெட்டுக்குப் பேர் அனுப்பணும். ஆளே வரதில்லே. பேரை எடுத்துடலாமா? முதல் செட்டு, பெர்சென்டேஜ் கெட்டுடும்."

"ஒரு வாரம் குடுங்க சார். என்னன்னு பாத்துட்டு வாரேன்."

வெளியே வந்து பால்பாண்டியைப் பிடித்தார்.

"அவனா சார்? செங்கச் சூளைக்குப் போறான். எஃப்புன்னு கூப்பிட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டான். சும்மா வெளையாட்டுக்குத்தான் சார்."

"ஏண்டா எஃப்பு?"

பால்பாண்டி முழித்தான். அவனுக்கு நிஜமாகவே அந்தக் கேள்வி புரியவில்லை. "நீங்கதான சார் வாய்க்கால் போட்டீங்க?"

"நான் எங்கடா வாய்க்கால் போட்டேன்?"

"போர்டுல சார். டி தெருவுக்கும் எஃப் தெருவுக்கும் நடுவுல. நெளிநெளியா."

சாருக்கு ஞாபகம் வந்தது. தலையில் வரவில்லை, கையில் வந்தது. விரல்கள் அந்த நெளிவை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தன.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னத்தாயிடம் சொன்னார். பையன்கள் இப்படி, பால்பாண்டி இப்படி, கேலி இப்படி என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"நீங்களும் சிரிச்சீகளா?"

"கிளாஸே சிரிச்சுச்சு."

"நான் கிளாஸைக் கேக்கல."

அவர் எழுந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அவள் கீரையை விட்டு நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்டுப் பாலத்தில் ஏறி இறங்கும்போதுதான், இத்தனை வருச வேலையில் இந்தப் பாலத்தைத் தாண்டுவது இதுவே முதல் தடவை என்பது அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் எத்தனை வீடு என்று கேட்டிருந்தால்கூட அவருக்குத் தெரியாது. ஏழு என்று போட்டாரே, நிறைய இருந்தன.

கண்ணுச்சாமியின் அம்மா முத்துத்தாய் அவரைப் பார்த்ததும் பதறிப்போனாள். "அய்யா வாங்க, வாங்க" என்று ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டு, முந்தானையால் இரண்டு தரம் துடைத்தாள். வீட்டுக்குள் வரச் சொல்லவில்லை. சைக்கிள் மிதித்ததில் சாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தண்ணி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

அவள் உள்ளே போகவில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி, ஊர்ப்பக்கம் விரட்டினாள். அந்தப் பிள்ளை பாலத்தைத் தாண்டி ஓடிப்போய், ஒரு கோலி சோடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தது.

சோடாவைக் கண்டதும் சாருக்கு ஒரு நிம்மதி வந்தது. உள்ளே எதுவோ இறுகியிருந்தது தளர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. இது என்ன நிம்மதி என்று தெரிந்ததும் தொண்டையில் சோடா சுள்ளென்று ஏறியது. இருமலோடு குடித்து முடித்தார்.

கண்ணுச்சாமி சூளையிலிருந்து வந்தான். கையெல்லாம் செம்மண். கும்பிட்டான், உட்காரவில்லை.

"ஏம்ப்பா வரல?"

"வேலை சார்."

"அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டீல்ல, வேற தெருவுக்குப் போக முடியுமான்னு. போக முடியும்ப்பா. ஆற்றல் குடுத்தா எலக்ட்ரான் மேல போகும். நான் முடியாதுன்னது தப்பு."

"தெரியும் சார். புஸ்தகத்துலயே போட்டிருக்கு. பாத்துட்டுத்தான் கேட்டேன்." கையில் ஒட்டிய செம்மண்ணை உதிர்த்தான். "உங்களுக்கும் தெரியுமில்ல சார்? அப்புறம் ஏன் முடியாதுன்னீங்க?"

சாருக்கு அதற்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. வாய் தன்னால் சொல்லிவிட்டது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதும் தெரிந்தது. சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் தயார் செய்திருந்த சமாதானத்தை எடுத்தார்.

"இங்க பாரு. எஃப் வெளிய இருக்குன்னு நான் வரஞ்சதும் தப்பு. நாலாவது கூட்டுல இருக்கிற எஃப், அஞ்சாவது ஆறாவது கூட்டு எலக்ட்ரானுக்கெல்லாம் உள்ள, ஆழத்துல இருக்கு. அட்டவணையில கீழ தனியா போட்டது தாள் அகலம் பத்தாமத்தான். நெசத்துல அது நடுவுல வரவேண்டியது. அது வெளி ஆளே இல்லப்பா."

கண்ணுச்சாமி முழுவதையும் கேட்டான். காலிச் சோடா பாட்டிலைப் பார்த்தான். உள்ளே கோலிக்குண்டு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"உள்ளதான் இருக்குன்னு சொல்றீங்க. எங்க வீட்டுப் பானையில தண்ணி இருக்கு சார். இந்தச் சோடா எங்கருந்து வந்துச்சு?"

முத்துத்தாய், "டேய், வாத்தியார்ட்ட என்ன பேச்சு!" என்று அதட்டினாள். சார், "விடுத்தா" என்றார். இப்போதாவது அந்தப் பானைத் தண்ணீரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் பாடம் நடத்துவதாக அவன் நினைத்துவிடுவானோ என்று கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்து, "பேரை அடிக்கப் போறாக கண்ணுச்சாமி. வெள்ளிக்கெழமைக்குள்ள நீ வரணும்" என்றார்.

"வாரேன் சார். ஆனா நீங்க கிளாஸ்ல என்னையப் பத்தி ஒண்ணும் பேசக் கூடாது. யாரையும் அடிக்கக் கூடாது. இப்பச் சொன்னீங்கள்ல, உள்ள இருக்கு ஆழத்துல இருக்குன்னு, அதையும் சொல்லக் கூடாது. பாடத்தைப் பாடமா நடத்துங்க, போதும்."

சார் தலையை ஆட்டினார். வகுப்பில் பேச வேண்டியதை அவர் அதற்குள் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். கேட்டவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

கண்ணுச்சாமி புதன்கிழமை வந்தான். ஆய்வுக்கூடப் பீரியட். உள்ளே நுழைந்தவன் நின்றுவிட்டான். சுவரில் அட்டவணை கந்தல்கந்தலாகத் தொங்கியது. யாரோ அதை நடுவே வெட்டிப் பிளந்து, அடியில் கிடந்த இரண்டு வரிசையையும் கத்தரித்து எடுத்து, பிளந்த இடத்தில் செருகி, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அட்டவணை நீண்டுபோய் ஜன்னலை மறைத்தது. ஒரு வரிசை தலைகீழாக இருந்தது. பசையில் எறும்பு மொய்த்தது. வகுப்பு கண்ணுச்சாமியையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளுகிளு என்று சிரித்தது.

கண்ணுச்சாமி முகம் கறுத்தது. மறுபடியும் கேலி என்று நினைத்துவிட்டான். வாசல் பக்கம் திரும்பினான்.

இது கேலி இல்லை என்று சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தத் தடிப்பயல் செய்திருப்பான் என்றும் அவருக்குத் தெரிந்தது. பால்பாண்டியின் விரலில் பருக்கை காய்ந்திருந்தது. கண்ணுச்சாமி வீட்டுக்குப் போனதைப் பற்றிச் சார் வாயே திறக்கவில்லை. அந்தப் பயல் தானாகப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்திருக்கிறான். அவன் புத்தகத்தைப் புரட்டினான் என்பதே தனி அதிசயம். ஆனால் பேச மாட்டேன் என்று தலையாட்டியாகிவிட்டது. சார் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றார்.

"டேய், கேலி இல்லடா!" பால்பாண்டியே எழுந்துவிட்டான். குரல் கிறீச்சிட்டது. "அது நடுவுலதான் வரணும்னு புஸ்தகத்துல போட்டிருக்குடா. நெசமாத்தான். நடுவுலதான் ஒட்டியிருக்கேன்."

"யாரு கேட்டா?" என்றான் கண்ணுச்சாமி.

"யாரும் கேக்கல..."

"அப்புறம் என்னத்துக்கு ஒட்டுன?"

பால்பாண்டியின் வாய் திறந்தபடி நின்றது. அந்த வாய்க்குப் பதில் கிடைக்காமல் போனதை வகுப்பு அன்றைக்குத்தான் பார்த்தது. சிரிப்பு அடங்கியது. கண்ணுச்சாமி கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து பிப்பெட்டை எடுத்துக் கழுவினான். மன்னித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஹால் டிக்கெட் வேண்டியிருந்தது, உட்கார்ந்தான்.

ஹாலாஸ்யம் வந்து அட்டவணையைப் பார்த்துத் தாம்தூம் என்று குதித்தார். "கிழிஞ்சுபோச்சு சார், நாந்தான் ஒட்டச் சொன்னேன்" என்று சார் பொய் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

பரீட்சை வந்தது. வேதியியல் அன்று சார் பள்ளிக்கூடத்து வாசலில் காலையிலிருந்து நின்றார். மணி அடித்து, பையன்கள் வெயிலுக்குள் வந்து கேள்வித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பெரிய கேள்வியிலேயே குவாண்டம் எண்கள் வந்திருந்தது. அதை எழுதலாம், அல்லது அம்மோனியா தயாரிப்பை எழுதலாம். "ஊரு, தெரு, வீடு, ஆளுன்னு அப்படியே தள்ளிட்டோம் சார்!" என்று நாலைந்து பேர் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பால்பாண்டிகூட எழுதியிருந்தான். ஆனால் தெரு என்று எழுதவில்லை, புத்தகத்தில் உள்ளபடியே எழுதினேன் என்று சாரின் காதோடு சொல்லிவிட்டு ஓடினான்.

கடைசியில் கண்ணுச்சாமி வந்தான். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே வந்தான்.

"எப்படிப்பா எழுதுன?"

"பாஸாயிருவேன் சார்."

"குவாண்டம் எண் எழுதுனியா?"

"இல்ல சார். சாய்ஸ்ல விட்டுட்டேன். அம்மோனியா எழுதுனேன்."

"தெரியலையா?"

"தெரியும் சார்" என்றான் கண்ணுச்சாமி. "நல்லாவே தெரியும்."

சார் ஏதோ சொல்ல வந்தார். அவன் நின்று, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தான். மரியாதையாகத்தான் காத்திருந்தான். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

"சரி சார், வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் வெயிலில் கிழக்கே நடந்தான்.